மேல் வரிசையில் நாலாவது வட்டம்

ஜூன் 9, திங்கள்

இந்த ஊரில் எவனும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தன் முகம் எங்கே இருக்கிறது என்று தேடும்போது மட்டும்தான் கழுத்து நிமிர்கிறது. மழை வருமா என்று தெரியவும் குனிந்து போனைத்தான் பார்க்கிறான். இதை முதலில் எழுதி வைக்கிறேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

எழுதுகிறவன் வீரணன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நான் அதை விடவில்லை. ஏழாவதில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துத் தமிழ் வாத்தியார் கண்ணீர் விட்டார். பிழை பொறுக்காமல் அழுதார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். ஜாகீரின் பிளக்ஸ் கடையில் பேனர் கட்டுகிறேன். மற்றவர்கள் கண்ணுக்குத்தான் அது பேனர் கட்டுவது. உண்மையில் கணவாயிலிருந்து இறங்குகிற காற்றோடு பேச்சுவார்த்தை நடத்த இந்த ஊரில் இருக்கிற ஒரே ஆள் நான்.

இன்று சந்தை முக்கில் ஒரு பிரமுகருக்குப் பிறந்தநாள் பேனர். பிளக்ஸில் பிறை வடிவத்தில் அங்கங்கே கீறிவிட வேண்டும். அந்த வழியாகக் காற்று போய்விடும், பேனர் நிற்கும். கீறாவிட்டால் அது பேனர் இல்லை, பாய்மரம். கத்தியை எடுத்ததும் அவர் ஆட்கள் பாய்ந்து வந்தார்கள்.

"யோவ், எங்கண்ணன் நெஞ்சுல ஓட்டை போடுறியா?"

"நெஞ்சு இல்லப்பா, கோட்டு. காத்துக்கு உங்கண்ணன் யாருன்னு தெரியாதுல்ல."

"தெரியவைப்போம். கத்திய உள்ள வை."

வைத்தேன். எனக்கென்ன. ஒருமுறை மந்திரி ஹெலிகாப்டரில் வந்து இறங்கியபோது பந்தல் பறந்தது, அதிகாரியின் தொப்பி பறந்தது, என் பேனர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. மந்திரி நேராக என்னிடம் வந்து தோளில் கை போட்டு, "கட்டுன்னா இதுய்யா கட்டு" என்றார். அது மந்திரி இல்லை, டிரைவர் என்று ஜாகீர் சொல்கிறான். அவன் அன்று ஊரிலேயே இல்லை.

இருபத்தேழாம் தேதி என் தங்கச்சி பேச்சியம்மாவின் மகள் தாரணிக்குக் கல்யாணம். தாய்மாமன் நான்தான். மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன். அதற்குள் தலைக்கு மேல் வேலை.

ஜூன் 12, வியாழன்

காற்று இறங்கிவிட்டது. துவைத்துப் போட்ட லுங்கி பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் தொங்குகிறது. அந்த அம்மாள் எடுத்துத் தர மாட்டேன் என்கிறாள். போன மாதம் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள். என்ன ஊர், என்ன ஜனம்.

ஜூன் 13, வெள்ளி

பற்றிக்கொண்டு வருகிறது. இன்று ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். இறந்தவர் ஐம்பது வருடம் செங்கல் சூளையில் நின்றவர், என்னைவிட இரண்டு சுற்று கறுப்பு. அவர் மகன் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் பிரைட் பண்ணுங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி அப்பாவைப் பால்கோவா ஆக்கிவிட்டான். அது தன் புருஷன்தானா என்று இறந்தவர் சம்சாரம் கிட்டப் போய்ப் பார்த்தாள். டிசைன் செய்கிற மெர்லினிடம் கேட்டேன்.

"ஏம்மா, உன் மெஷின்ல கறுப்பு மையே வராதா?"

"வரும்ணே. கறுப்பா அடிச்சா காசு வராது."

அதோடு ஒரு கோட்டு வேறு. மெர்லினிடம் ஒரே ஒரு கோட்டுப் போட்ட உடம்பு இருக்கிறது. தலை மட்டும் மாறும். மாடு தரகர், மளிகைக்கடைக்காரர், டைலர், எல்லோரும் அதே உடம்பில், அதே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உழைத்துக் கறுத்த ஊர் இது. மேலே பார்த்தால் ஒரு கறுப்பன் கிடையாது. கீழே நிழலுக்கு ஒதுங்கி நிற்பவன் எல்லாம் கறுப்பு. யாரை ஏமாற்றுகிறீர்கள்? காற்றையா?

போன வாரம் நடந்ததை எழுத விட்டுப்போனது. தாரணியைக் கட்டப்போகும் பையனின் அப்பா ஞானசேகரன், சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தார். இரண்டாவது மகனையும் பைக்கில் வைத்துக் கூட்டி வந்தார். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பைல், சட்டையை உள்ளே விட்டிருந்தான். நான் சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்து பழைய ஆணிகளைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அதற்குத் தரம் பார்ப்பது என்று பெயர். எழுந்து வணக்கம் சொன்னேன். என்னைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். படித்த குடும்பமாம். வணக்கத்துக்கு வணக்கம் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சேவல் கொண்டு போனேன். என் வீட்டில் நான் ஒருத்தன், சோறு பொங்கினால் இரண்டு நாளைக்குக் கிடக்கும், சேவலை வைத்து என்ன செய்வது.

தங்கச்சி புருஷன் தவமணி, பள்ளிக்கூடத்தில் எழுத்தர். பேசும்போதும் ஓரத்தில் கோடு போட்டுத்தான் பேசுவார்.

"மாப்ள, மண்டப வாசல்ல பேனரு நம்ம பொறுப்பு. சவுக்குக் கம்பு ஏழு நிக்கிற மாதிரி போடுறேன். மாமன் சீரு மேளத்தோட வரும். ஊரே கதவத் தெறந்து பாக்கும்" என்றேன்.

"பேனரெல்லாம் எதுக்கு மச்சான். அனுமதி கினுமதின்னு அலையணும்."

"அனுமதியா? மந்திரியே என் தோள்ல..."

"தெரியும் மச்சான்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். முழுவதும் கேட்கிற பொறுமைகூட இல்லை.

பேச்சி காபி கொண்டு வந்தாள். முகம் சரியில்லை. "என்னத்தா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, வேலை" என்றாள். தாரணி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பி, "மாமா, அந்தத் தழும்பு இன்னும் இருக்கா?" என்றாள். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து கடித்தது. அன்று ஓடிய ரத்தத்தில் ஒரு குடம் நிரம்பியிருக்கும், நான் முகம் சுளிக்கவில்லை.

சேவலை அடிக்கவில்லை. எனக்குச் சாம்பார் ஊற்றினார்கள்.

ஜூன் 18, புதன்

பேனாவை ஆணி மாதிரி அழுத்திப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதுதான் காரணம்.

மத்தியானம் ஜாகீர் என்னைப் பார்த்து, "அண்ணே, போயி நல்லா ஒரு டீ சாப்டுட்டு வாங்க" என்றான். பதினோரு வருடத்தில் அவன் தானாக டீ குடிக்கச் சொன்னதே இல்லை. போவதுபோலப் போய்ப் பின்வாசல் வழியாக வந்தேன். மெர்லினின் திரையில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளைப் பையன். தவமணி போனில் அனுப்பிய ஆர்டர். பேனரெல்லாம் எதுக்கு என்று என்னிடம் சொன்ன அதே தவமணி.

மேல் வரிசையில் மறைந்த பெரியவர்கள், அவர்களோடு எங்கள் அப்பாவும். கீழே தவமணியின் அண்ணன், தம்பி, தம்பியின் சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டார். தலைப்பாகையோடு ஒரு குழந்தை, அது யார் குழந்தை என்று யாருக்குத் தெரியும். நான் இல்லை.

இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் எழுதியிருப்பேன். நான் பெருந்தன்மைக்காரன், அது ஊரறிந்தது. ஆனால் வலது ஓரத்தில் என் பெரியப்பா மகன் தங்கபாண்டி, பேங்கில் மேனேஜர், மெர்லினின் கோட்டை மாட்டிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் 'தாய்மாமன்' என்று இருக்கிறது.

தாய்மாமனா அவன்? பேச்சிக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்தது யார்? தாரணி சமைந்தபோது தென்னங்கீற்று முடைந்து குடிசை கட்டியது யார்? மடியில் வைத்துக் கடி வாங்கியது அவனா? அவன் மதுரையிலிருந்து ஒரு கவரைக் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். மேனேஜர் என்றால் தாய் வயிறும் மாறிவிடுமா?

"என்னம்மா இது?" என்றேன்.

"எனக்கு அனுப்புனத நான் போட்டேண்ணே" என்றாள் மெர்லின், திரும்பாமல்.

"அண்ணே, இதக் கட்ட வேற ஆள அனுப்புறேன்" என்றான் ஜாகீர்.

"வேற ஆளா? இந்தக் காத்துல? என் மருமக பேனரு விழுகணுமா?" என்று கத்தினேன். நான்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

வயிற்றுவலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. வயிறு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

ரேஷன் கடையில் பேச்சியைப் பிடித்தேன். பருப்பு வரிசை. கூட்டம் இருக்கிறதே என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாம அண்ணன மாத்திட்டியாமே. எந்தக் கடையில மாத்துனே?"

அவள் முகம் இருண்டது. "இங்க வேணாம்ணே."

"இங்கதான் வேணும்."

"சரி, கேளு அப்ப. நிச்சயத்தன்னிக்குச் சம்பந்திகிட்ட நீ என்ன சொன்னே? விளம்பரக் கம்பெனி வச்சிருக்கேன், நாப்பது பேரு வேலை பாக்குறாங்கன்னு சொன்னியா இல்லையா?"

"பேச்சுவாக்குல..."

"உங்க சின்னவன அனுப்புங்க, மேனேஜராப் போட்டுக்கிறேன்னு சொன்னியா இல்லையா? அந்தப் பய பார்த்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டான்ணே! சர்டிபிகேட்டத் தூக்கிட்டு வந்தா, நீ சாக்கடை ஓரத்துல ஆணி தட்டிக்கிட்டு இருக்க. இந்த வீட்டுல வேற என்னெல்லாம் பொய்யோன்னு கேட்டாக. பொண்ணு படிப்பும் பொய்யான்னு கேட்டாக. எம்புள்ள மூணு நாளு சோறு திங்கல."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பருப்பு போடுகிறவன் தராசைப் பிடித்தபடியே நின்றான்.

"அதுக்குத்தான் அவரு தங்கபாண்டி அண்ணன நிக்கச் சொல்லிட்டாரு. நீ வா. சாப்டு. பின்னாடி வரிசையில ஒக்காரு. வாயத் தெறக்காத. உன் கால்ல வேணா விழுகுறேன்."

பருப்பு வாங்காமல் போய்விட்டாள்.

இப்போது நான் சொல்கிறேன். நாற்பது பேர் என்பது பொய்யா? ஜாகீர் ஒன்று, மெர்லின் இரண்டு, நான் மூன்று. கம்பு ஏற்றுகிற வண்டிக்காரன், அவன் மச்சினன், கயிறு கடைக்காரன், மின்கம்பத்தில் ஏற விடுகிற லைன்மேன், திருவிழாக் காலத்தில் வருகிற கூலி ஆட்கள். கணக்குப் போடத் தெரிந்தவன் போட்டால் வரும். இந்தச் சமூகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிறவனுக்கு யார் நாற்காலி போடுகிறார்கள்? 'பேனர் கட்டுறேன்' என்று சொல்லிப் பாருங்கள். "ஓ" என்பார்கள். அந்த ஒரு எழுத்தோடு பேச்சு முடிந்துவிடும். நிச்சயத்தன்று அவர், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பேச்சி பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த "ஓ" அவள் காதில் விழ வேண்டுமா? அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சின்னப் பையன் வேலையை விட்டது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நடந்தது நல்லதற்கே. இன்று ஒரு காரியம் செய்தேன்.

ஜாகீர் மதுரைக்குப் போயிருந்தான். சாயங்காலம் தாரணி பேனரை அடிக்க வேண்டும். மெர்லினுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஒரு கையில் டிபன் பாக்ஸ். கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த என் படத்தை நீட்டினேன்.

"அண்ணே, ஓனர் திட்டுவாரு."

"ஓரமா ஒரு பொட்டு அளவுக்குப் போடும்மா. தாய்மாமன்னு எழுத வேணாம். பேரு வேணாம். மொகம் மட்டும்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள் என்று எழுதலாம், ஆனால் நாயைப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது.

"கீழ இடமே இல்ல. மேல் வரிசையில நாலு வட்டத்துல ஒண்ணு காலியாக் கெடக்கு, பூ போட்டு மறைச்சு வச்சிருக்கேன். அதுல போடவா?"

மேல் வரிசை! தங்கபாண்டிக்கும் தவமணிக்கும் மேலே! "அதாம்மா நம்ம எடம்" என்றேன். படம் உள்ளே போய் உட்கார்ந்தது. பிரைட் வைக்கப் போனாள். "வேணாம், என் கறுப்பு போதும்" என்றேன். "மெஷின் ஒத்துக்காதுண்ணே" என்று சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள், வெள்ளையாகிவிட்டேன். அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மெஷின் அடிக்க ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு வந்து மயில்கழுத்துக் கலர் பட்டுச் சேலையை மறுபடியும் பிரித்துப் பார்த்து மடித்து வைத்தேன். மாமன் சீரில் பேச்சிக்கு வைக்க வாங்கியது. எப்படியும் கொடுத்துவிடலாம்.

ஜூன் 26, வியாழன்

இன்று நான் செத்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் மண்டப வாசலில் பேனரைக் கட்டினேன். வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேனரைத் தரையில் குப்புறப் போட்டுத்தான் சட்டத்தில் ஆணி அடிப்போம், முகத்தில் கீறல் விழக் கூடாது அல்லவா. சட்டத்தைச் சாய்த்து நிறுத்திப் பின்பக்கமிருந்துதான் பிறை கீறுவோம். வெளிச்சத்தில் நிழல்போலத் தெரியும், முகம் எது வெற்றிடம் எது என்று. பதினோரு வருடத்தில் ஒரு முகத்தில்கூட என் கத்தி பட்டதில்லை. பிறகு பின்னால் நின்று கயிற்றை இழுத்துக் கட்டுவோம். பேனர் கட்டுகிறவன் பார்ப்பதெல்லாம் பேனரின் முதுகைத்தான். தூக்கிக் கட்டி முடிக்கவும் தவமணியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. முன்பக்கம் போய்ப் பார்க்காமல் பின்சந்து வழியாக நழுவினேன். அவர் போன் செய்து கத்தக்கூடாது என்று போனையும் அணைத்தேன். அவர் பந்தி இலைக் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு அண்ணாந்தும் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. முதல் பக்கத்தில் என்ன எழுதினேன்?

பத்து மணிக்கு டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தேன். தச்சர் முருகவேல் உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான். கையிலிருந்த உளி கீழே விழுந்தது. விழவில்லை என்று அவன் இப்போது சொன்னாலும் நம்பாதீர்கள்.

"அண்ணே... நீங்க... போயிட்டீங்கன்னு..."

"எங்கடா போனேன்?"

"மேல போட்டிருக்காகளே! வெளக்கு வச்சு!"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ரோட்டில் பேச்சி வருவதைப் பார்த்ததும்தான் புரிந்தது. ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது, ஒரு கையில் நலங்கு மஞ்சள் அப்படியே ஒட்டியிருந்தது. யாரோ வீட்டில் வந்து, "உங்கண்ணன் எப்ப தவறுனாரு, சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார்கள். என் போனுக்கு அடித்திருக்கிறாள், அணைந்து கிடக்கிறது. என் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள், பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்து இங்கே.

என்னையும் கையிலிருந்த போண்டாவையும் பார்த்தாள். அப்புறம் அடித்தாள். டீக்கடைக்காரர், முருகவேல், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் அடித்தாள்.

"சாவுடா! நெசமாவே செத்துப்போ! எதுக்குடா உசுரோட இருக்க! நான் அங்க... நான்..."

 என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் குதிகாலில் கண்ணாடிச் சில்லு கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் துண்டைக் கிழித்துக் கட்டினேன். கட்டுப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை, இருந்தாலும் முடிச்சு இரண்டு முறை நழுவியது.

மண்டபத்துக்குப் போனோம். முதல்முறையாக முன்பக்கம் நின்று பார்த்தேன். மேல் வரிசையில் தவமணியின் அப்பா, அம்மா, எங்கள் அப்பா, நாலாவது நான், கறுப்புக் கண்ணாடியோடு. ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் ஒரு குத்துவிளக்கு எரிகிறது. 'மறைந்தும் மறையாமல் ஆசி வழங்கும் தெய்வங்கள்' என்று எழுதியிருக்கிறது. விளக்கும் எழுத்தும் அன்று திரையில் இல்லை, சத்தியமாக இல்லை. அதையெல்லாம் மறைத்து வைத்துத்தான் வேலை பார்ப்பாளாம் மெர்லின், அடிக்கும்போது தானாக வந்து சேர்ந்துவிடுமாம். அந்த வரிசையில் எங்கள் அப்பா இருப்பதைப் பார்த்தும் என் புத்திக்கு உறைக்கவில்லை. மேலே என்றதும் மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது.

வாசலில் தவமணி போனைக் காதில் வைத்து வியர்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சம்பந்தி... இல்ல... உசுரோட இருக்காரு..." யாரோ பேனரைப் படமெடுத்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள், அந்தப் பக்கம் ஞானசேகரன் கத்துவது நடுரோடு வரை கேட்டது.

"மொதல்ல கம்பெனின்னீங்க. இப்ப சாவையும் மறைக்கிறீங்களா? மாமன் செத்த வீட்டுல பதினாறு முடியாம தாலி கட்டுறதா? கல்யாணத்த நிப்பாட்டுங்க!"

தவமணி என்னைப் பார்த்தார். பின்வரிசையில் உட்கார வைக்க நினைத்த ஆளை இப்போது முன்வரிசையில் நிறுத்தியாக வேண்டும். அந்த முகத்தைப் படமெடுத்துப் பேனர் போட்டிருக்கலாம்.

"மச்சான்," என்றார், "நடு வாசல்ல, எல்லாரும் பாக்குற மாதிரி நில்லுங்க."

நின்றேன். நேரில் பார்த்தால்தான் நம்புவோம் என்று மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. ஞானசேகரன் இறங்கி, என்னைச் சுற்றி வந்து பார்த்தார். ஊருக்குப் பயந்து ஆள் மாறாட்டம் செய்கிறோமோ என்று சந்தேகப்பட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து உசிலம்பட்டியிலிருந்து எங்கள் அத்தை குருவம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கோடித் துணி கையில். "ஏ ராசா, என்னப் பெத்தவனே" என்று ஒப்பாரி வைத்தபடியே கும்பலை விலக்கிக்கொண்டு வந்தவள், என் மேலேயே முட்டினாள்.

சத்தம் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"செத்தும் திருந்தலையாடா நீ?"

முதலில் சிரித்தது தாரணி. அம்மாவைத் தேடி வந்து மண்டப ஜன்னலில் நின்றிருந்தாள். பிறகு எல்லோரும். ஞானசேகரன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படி எனக்கு நேர்ந்ததில்லை.

"அய்யா," என்றேன், "நான் பேனர் கட்டுறவன். நீங்க பாத்தது சரி. ஆணி தட்டுறவன்தான்."

அவர், "ஓ" என்றார்.

அந்த எழுத்து அவ்வளவு ஒன்றும் பெரியதாக இல்லை.

"எம்மவன் வேலைய விட்டுட்டான்யா, உங்க பேச்சக் கேட்டு" என்றார்.

 இரண்டு மூன்று பதில்கள் வாயில் வந்தன, நல்ல பதில்கள், விழுங்கிவிட்டேன்.

தோஷம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பேனரை இறக்கச் சொன்னார்கள். குருவம்மா அத்தை அதட்டினாள். "கல்யாணப் பேனர விடியுமுன்ன இறக்கக் கூடாது. அவன் மொகத்த மட்டும் அவன் கையாலயே எடுக்கட்டும். படத்துல போனவனே எந்திரிச்சு வந்து மாலையைப் போட்டு, பொண்ணு கையப் புடிச்சு அழைச்சாத்தான் தோசம் கழியும். வேற எவன் புடிச்சாலும் ஆகாது." அப்படி ஒரு சாஸ்திரம் எங்கள் பக்கம் கிடையாது. சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை அவள். எங்கள் வம்சத்தில் கதை கட்டுகிறவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை போலிருக்கிறது. மாமனாக நிற்க மதுரையிலிருந்து வந்திருந்த தங்கபாண்டி, போட்டு வந்த கோட்டைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டான். ஞானசேகரன் வேனிலிருந்து சாமான்களை இறக்கச் சொன்னார்.

பின்பக்கமாகக் கம்பில் ஏறினேன். காற்று தள்ளியது. கத்தியை எடுத்தேன். முகத்தில் கத்தி வைக்காதவன் வைத்தேன். வட்டமாக, விளிம்போடு. வட்டம் கழன்று கையோடு வந்தது. அந்த ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன், தலை சரியாக நுழைந்தது. பதினோரு வருடத்தில் பேனருக்கு முன்பக்கம் என்ன இருக்கிறது என்று அங்கிருந்து பார்த்தது இன்றுதான். எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள்.

"மாமா! அப்படியே இருங்க!" என்று தாரணி கத்தினாள். வாசலுக்கு வந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பேச்சி பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "எறங்குடா, விழுந்து தொலைச்சுறாத" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

விடிகாலைக் காற்றில் சந்தை முக்குப் பிரமுகர் முகம் குப்புற ரோட்டில் கிடந்தார். நல்லவேளை, அந்த வழியில் ஆள் இல்லை. இருந்திருந்தால் அவர் ஆட்கள் காற்றின் மேல் கேஸ் போட்டிருப்பார்கள். சொன்னேன், கேட்டார்களா? எங்கள் பேனர் அசையவில்லை.

மாலை போட்டேன். கையைப் பிடித்து அழைத்து வந்தேன். மணவறைப் படியில் தாரணி என் கட்டைவிரலை அழுத்தினாள். மயில்கழுத்துச் சேலையைப் பேச்சி உடனே கட்டிக்கொண்டு வந்தாள், நொண்டி நொண்டி. கூட்டம் பத்தாயிரம் இருக்கும்.

ஞானசேகரனின் சின்னவனைப் பந்தியில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் இலையைப் பார்த்தான். அவனுக்கு நானே பாயசம் ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. 

ஜூன் 30, திங்கள்

மெர்லினை ஜாகீர் திட்டினான், என்னைத் திட்டினான், பிறகு எல்லோருக்கும் டீ சொன்னான். இந்த முறை துரத்துவதற்காக இல்லை.

அந்தப் பையனுக்கு வேலை இருக்கிறதா என்று ஜாகீரிடம் கேட்டேன். "இல்லண்ணே" என்றான். தெரிந்த கடைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் "ஓ" என்கிறார்கள். பட்டப்படிப்புப் படித்தவனுக்கும் அதே "ஓ"தான். என்ன நாடு இது!

தாரணி அந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். மெர்லின் பெரிதாக்கித் திரையில் வைத்தாள். பேனர் முழுக்க வெள்ளை வெள்ளையாக முகங்கள், இருந்தவர்களும் போனவர்களும். மேல் வரிசையில் நாலாவது வட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நான்.

"பிரைட் வைக்கவாண்ணே?" என்று கேட்டாள்.

"கையை எடு" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் சொந்த நிறத்தில் இருப்பவன் நான் ஒருத்தன்தான்.